செப்டிக் அதிர்ச்சி: முதல் மணி நேரச் சிகிச்சையும் தொடர் கவனிப்பும்

நோய்த்தொற்றை எதிர்த்துப் போராட வேண்டிய உடலின் தற்காப்பு ஆற்றல், கட்டுப்பாட்டை இழந்து தன் சொந்த உறுப்புகளையே பாதிக்கத் தொடங்கும் நிலை செப்சிஸ் எனப்படும். அதன் மிகக் கடுமையான கட்டமே செப்டிக் அதிர்ச்சி. உலக அளவில் 2017ஆம் ஆண்டில் சுமார் 4.89 கோடிப் பேர் செப்சிஸால் பாதிக்கப்பட்டனர் என்றும், அவர்களுள் சுமார் 1.1 கோடிப் பேர் உயிரிழந்தனர் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. அதே ஆண்டில் உலக சுகாதார மாமன்றம், செப்சிஸைத் தடுப்பதற்கும் உரிய காலத்தில் கண்டறிவதற்கும் உறுப்பு நாடுகளை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது.

இந்நோய்க்கான சிகிச்சையில் காலமே முதன்மையானது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிக் கிராமங்களிலிருந்து வரும் நோயாளிகள் முதலில் சேர்வது பெரும்பாலும் வட்டார அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோதான். ஆகவே முதல் மணி நேரச் சிகிச்சை அங்கேயே தொடங்கப்பட வேண்டும். அச்சிகிச்சையின் படிநிலைகளை மருத்துவப் பணியாளர்களுக்கும் நோயாளியின் குடும்பத்தினருக்கும் விளக்குவது இப்பக்கத்தின் நோக்கம்.

செப்டிக் அதிர்ச்சி என்றால் என்ன?

2016ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டு வரையறையின்படி, செப்சிஸ் உள்ள ஒருவருக்குப் போதிய அளவு சிரைவழித் திரவம் கொடுத்த பிறகும் இரண்டு நிலைகள் சேர்ந்து காணப்பட்டால் அது செப்டிக் அதிர்ச்சியாகும்.

• சராசரி தமனி அழுத்தத்தை 65 மி.மீ. பாதரச அளவில் நிலைநிறுத்த, இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து தேவைப்படுதல்.
• இரத்தத்தில் லாக்டேட் அளவு லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் இருத்தல்.

சராசரி தமனி அழுத்தத்தை எளிதாகக் கணக்கிடலாம். கீழ் அழுத்தத்தை இரண்டால் பெருக்கி, மேல் அழுத்தத்துடன் கூட்டி, மூன்றால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 80/50 என்ற அளவில் சராசரி 60 ஆகும். 90/50 என்ற அளவிலும் அது 63 மட்டுமே. மேல் அழுத்தம் 90 இருப்பதால் ஆபத்தில்லை என்று கருதுவது தவறு என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

உடலில் என்ன நிகழ்கிறது?

கிருமிகளும் அவற்றின் நச்சுப்பொருள்களும் தூண்டும் அழற்சியினால் இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. குழாய்ச் சுவர்களின் இடைவெளி வழியே நீர் கசிந்து திசுக்களில் தேங்குகிறது. இதயத் தசையும் வலுவிழக்கக்கூடும். இவற்றால் இரத்த அழுத்தம் சரிந்து, சிறுநீரகம், மூளை, நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றுக்குப் போதிய உயிர்வளி கிடைக்காமல் போகிறது. நுண்குழாய்களில் இரத்தம் உறைவதும், உறைதற்குரிய பொருள்கள் தீர்ந்து இரத்தம் கசிவதும் ஒரே நோயாளியிடம் காணப்படலாம்.

இப்பகுதியில் கவனிக்க வேண்டிய காரணங்கள்

நிமோனியா, சிறுநீர்ப் பாதைத் தொற்று, வயிற்றறைத் தொற்று, தோல் மற்றும் மென்திசுத் தொற்று ஆகியவை எங்கும் காணப்படும் பொதுவான காரணங்கள். சேலம், நாமக்கல் பகுதியில் பணியாற்றுவோர் இவற்றுடன் பின்வருவனவற்றையும் நினைவில் கொள்ள வேண்டும்.

• நீரிழிவு நோயாளிகளின் காற்புண்: வெறுங்காலுடன் வயலில் இறங்குவோருக்குச் சிறு முள் குத்திய காயமே காலை அழுகச் செய்யும் தொற்றாக மாறலாம். கால் மரத்துப்போனவர்களுக்கு வலி தெரியாது. ஆகவே மயக்கத்துடன் வரும் நீரிழிவு நோயாளியின் இரு பாதங்களையும் விரல் இடுக்குகளையும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

• ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சல்: புதர்களிலும் வரப்போரப் புற்களிலும் வாழும் சிற்றுண்ணியின் இளம்புழு கடிப்பதால் பரவுகிறது. தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதையடுத்த குளிர் மாதங்களிலும் மிகுதியாகக் காணப்படும். கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போன்ற கருநிறப் பொருக்கு உண்டாகலாம். அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, இடுப்பில் துணி இறுக்கும் இடம் ஆகிய மறைவிடங்களில் தேடினால்தான் அது தென்படும்.

• எலிக்காய்ச்சல்: தேங்கிய நீரிலும் சேற்றிலும் வேலை செய்வோருக்கு ஏற்படுகிறது. கண் சிவத்தல், கெண்டைக்கால் வலி, மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைதல் ஆகியவை குறிப்பான அடையாளங்கள்.

• மெலியாய்டோசிஸ்: ஈர மண்ணில் வாழும் பாக்டீரியாவினால் வருவது. நீரிழிவு உள்ள விவசாயிகளிடம் மழைக்குப் பின் நிமோனியாவாகவோ கல்லீரல், மண்ணீரல் சீழ்க்கட்டிகளாகவோ வெளிப்படலாம்.

• மகப்பேற்றுக்குப் பிந்திய தொற்று: பிரசவம் அல்லது கருச்சிதைவுக்குப் பின் காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, அடிவயிற்று வலி ஆகியவற்றை அலட்சியப்படுத்தக் கூடாது.

வார்டில் முன்கூட்டியே கண்டறிதல்

வேறு நோய்க்காகவோ அறுவை சிகிச்சைக்காகவோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவருக்கும் செப்சிஸ் வரலாம். அவ்வாறு வரும்போது முதலில் மாறுவது பெரும்பாலும் மூச்சு விகிதம். வார்டுகளில் மிகக் குறைந்த கவனம் பெறுவதும் அதுவே. முழு நிமிடம் எண்ணாமல் 18 அல்லது 20 என்று தாளில் எழுதுவது, நோயாளிக்குக் கிடைத்திருக்கக்கூடிய பல மணி நேரத்தைப் பறித்துவிடும்.

பின்வருவனவற்றுள் எதுவும் புதிதாகத் தோன்றினால் மருத்துவ அலுவலருக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

• மூச்சு விகிதம் நிமிடத்திற்கு 22 அல்லது அதற்கு மேல்
• மேல் இரத்த அழுத்தம் 100 அல்லது அதற்குக் கீழ்
• குழப்பமான பேச்சு, வழக்கத்திற்கு மாறான உறக்கம், அமைதியின்மை
• நிமிடத்திற்கு 100க்கு மேல் நாடித்துடிப்பு
• கடந்த ஆறு மணி நேரத்தில் சிறுநீர் வெகுவாகக் குறைதல்
• குளிர்ந்த, திட்டுத் திட்டாக நிறம் மாறிய கைகால்கள்

காய்ச்சல் இல்லாததால் செப்சிஸ் இல்லை என்று முடிவு செய்யலாகாது. முதியோர், நீரிழிவு நோயாளிகள், டயாலிசிஸ் செய்துகொள்வோர், ஸ்டீராய்டு உட்கொள்வோர் ஆகியோருக்கு உடல் வெப்பம் இயல்பாகவோ இயல்பைவிடக் குறைவாகவோ இருக்கலாம். ‘அம்மா நேற்றிலிருந்து ஆளே மாறிவிட்டார்’ என்று மகள் சொல்வதும் ஒரு மருத்துவத் தகவலே.

முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

1. மூச்சுப்பாதையைச் சீராக்கி, தேவைக்கேற்ப ஆக்சிஜன் கொடுத்தல்.
2. இரு கைகளிலும் பெரிய அளவு ஊசிக்குழாய் பொருத்துதல்.
3. இரத்தச் சர்க்கரையை உடனே பார்த்தல். சர்க்கரை குறைந்திருந்தாலும் குழப்பம் ஏற்படும்.
4. லாக்டேட் அளவு, இரத்த அணுக்கள், கிரியேட்டினின், பிலிருபின், இரத்த உறைவு நேரம் ஆகியவற்றுக்கு மாதிரி எடுத்தல்.
5. நுண்ணுயிர் எதிர்ப்பி கொடுப்பதற்கு முன் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து இரத்தக் கல்ச்சர் எடுத்தல். இதற்காகச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது.
6. பரந்த செயலாற்றலுள்ள நுண்ணுயிர் எதிர்ப்பியைச் சிரைவழியே ஒரு மணி நேரத்திற்குள் செலுத்துதல்.
7. சிரைவழித் திரவம் தொடங்குதல்.
8. அழுத்தம் மிகவும் தாழ்ந்திருந்தால் நார்அட்ரினலின் தொடங்குதல்.

செப்டிக் அதிர்ச்சியில் இரத்த அழுத்தம் தாழ்ந்த பின் உரிய நுண்ணுயிர் எதிர்ப்பி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும், முதல் ஆறு மணி நேரத்தில், உயிர்பிழைக்கும் வாய்ப்பு சராசரியாக 7.6 விழுக்காடு குறைந்ததாக வட அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. அதிர்ச்சி இல்லாமல், தொற்றும் உறுதியாகாத நிலையில், காரணத்தை விரைந்து ஆராய்ந்து மூன்று மணி நேரத்திற்குள் முடிவெடுக்கலாம் என்று 2021ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் கூறுகிறது.

இந்தச் சிகிச்சைக்கு விலையுயர்ந்த கருவிகள் இன்றியமையாதவையா என்ற கேள்விக்கு ஆய்வுகள் தெளிவான விடை தந்துள்ளன. 2001இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மருத்துவமனை ஒன்றில் நடந்த ஆய்வு, மையச் சிரையில் சிறப்புக் குழாய் பொருத்தி இலக்கு வைத்துச் செய்த சிகிச்சை இறப்பைக் குறைத்ததாகக் காட்டியது. ஆனால் 2014, 2015ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து ஆகிய நாடுகளை மையமாகக் கொண்டு நடந்த மூன்று பெரிய ஆய்வுகளில் அம்முறைக்குக் கூடுதல் பயன் காணப்படவில்லை. விரைந்து கண்டறிதல், விரைந்து மருந்து கொடுத்தல், அருகிருந்து கவனித்தல் ஆகியவை கிடைத்த நோயாளிகள் சிறப்புக் குழாய் இல்லாமலும் அதே அளவில் பிழைத்தனர். வட்டார மருத்துவமனைகளுக்கு இது ஊக்கமளிக்கும் செய்தியாகும்.

திரவம்: எவ்வளவு, எப்போது நிறுத்துவது?

முதல் மூன்று மணி நேரத்தில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 30 மி.லி. என்ற அளவில் திரவம் கொடுக்கலாம் என்பது பொதுவான பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 1,800 மி.லி. ஆகும். சாதாரண சலைனைவிட ரிங்கர் லாக்டேட் போன்ற சமநிலைத் திரவங்கள் விரும்பத்தக்கவை. ஸ்டார்ச் கலந்த திரவங்கள் சிறுநீரகத்தைப் பாதிப்பதால் தவிர்க்கப்பட வேண்டும்.

இந்த அளவை ஒரே மூச்சில் செலுத்த வேண்டியதில்லை. 250 முதல் 500 மி.லி. வரை கொடுத்து, ஒவ்வொரு முறையும் நோயாளியை மீண்டும் பரிசோதிக்க வேண்டும். மூச்சுத்திணறல் மிகுதல், நுரையீரலின் அடிப்பகுதியில் புதிதாக ஈர ஒலி கேட்டல், ஆக்சிஜன் அளவு குறைதல் ஆகியவை நிறுத்துவதற்கான அறிகுறிகள். ஆப்பிரிக்க நாடுகளில் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்விலும், சாம்பியாவில் பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்விலும், வேகமாக மிகுதியான திரவம் பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. செயற்கைச் சுவாசக் கருவி எளிதில் கிடைக்காத இடங்களில் இம்முடிவுகளைக் கருத்திற்கொள்ள வேண்டும். இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு, கடும் இரத்தசோகை உள்ளவர்களிடம் இன்னும் கூடுதலான எச்சரிக்கை தேவை.

லாக்டேட் சோதனை வசதி இல்லாத இடத்தில் விரல் நுனியே வழிகாட்டும். நோயாளியின் விரல் நுனியை 10 வினாடி வெளிறும்படி அழுத்திவிட்டு விடுவிக்க வேண்டும். மூன்று வினாடிக்குள் நிறம் திரும்பினால் இரத்த ஓட்டம் மேம்பட்டு வருகிறது எனக் கொள்ளலாம். தென் அமெரிக்க நாடுகளில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், லாக்டேட்டைப் பின்பற்றிய சிகிச்சை இந்த எளிய சோதனையைப் பின்பற்றிய சிகிச்சையைவிடச் சிறந்த பலன் தரவில்லை.

அழுத்தம் உயர்த்தும் மருந்துகள்

முதல் தேர்வு நார்அட்ரினலின். மையச் சிரைக் குழாய் பொருத்தும் வரை காத்திருக்கத் தேவையில்லை. முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ உள்ள நல்ல சிரை வழியாகக் குறுகிய காலத்திற்குக் கொடுக்கலாம். ஊசி போட்ட இடத்தில் வீக்கமோ வெளிறலோ உண்டாகிறதா என்று செவிலியர் அடிக்கடி பார்க்க வேண்டும். மருந்தின் அளவு உயர்ந்துகொண்டே போனால் வாசோபிரெசின் சேர்க்கப்படும். அதன் பின்னும் அழுத்தம் நிலைபெறாவிடில் ஹைட்ரோகார்டிசோன் நாளொன்றுக்கு 200 மி.கி., அதாவது ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை 50 மி.கி., கொடுக்கப்படும். டோபமினால் இதயத் துடிப்புக் கோளாறுகள் கூடுதலாக ஏற்படுவதால் அது முதல் தேர்வாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை.

தொற்றின் மூலத்தை அகற்றுதல்

சீழ் தேங்கியிருக்கும் வரை எந்த மருந்தும் முழுப் பயன் தராது. அழுகிய திசுவை வெட்டி அகற்றுதல், சீழ்க்கட்டியை வடித்தல், அடைபட்ட சிறுநீர்ப் பாதையில் குழாய் வைத்தல், துளைபட்ட குடலைத் தைத்தல், தொற்றுக்குள்ளான ஊசிக்குழாயை நீக்குதல் ஆகியவற்றை நோயாளியின் நிலை சற்றுச் சீரானவுடன் செய்ய வேண்டும். காலை அல்லது விரலை அகற்ற வேண்டும் என்று மருத்துவர் கூறும்போது குடும்பத்தினர் தயங்குவது இயல்பே. ஆனால் ஊருக்குச் சென்று பெரியவர்களைக் கலந்து வரும் ஒரு நாளில், விரலோடு முடிந்திருக்க வேண்டிய பாதிப்பு முழங்காலைத் தாண்டிவிடலாம்.

எந்த நுண்ணுயிர் எதிர்ப்பி?

தொற்றின் இடம், நோயாளி அண்மையில் உட்கொண்ட மருந்துகள், அந்த மருத்துவமனையில் காணப்படும் கிருமிகளின் எதிர்ப்புத்திறன் ஆகியவற்றைக் கொண்டு மருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறது. கல்ச்சர் முடிவு வந்ததும், பரந்த செயலாற்றலுள்ள மருந்தை நிறுத்தி, குறிப்பிட்ட கிருமிக்குரிய மருந்துக்கு மாற வேண்டும்.

வழக்கமாகக் கொடுக்கப்படும் செஃப்ட்ரியாக்சோன், மெரோபெனெம் போன்ற மருந்துகள் உண்ணிக் காய்ச்சலில் பயனளிப்பதில்லை. ஆகவே பருவகாலத்தில், காரணம் தெரியாத காய்ச்சலுடன் அதிர்ச்சி நிலையில் வருபவருக்கு டாக்சிசைக்ளினையோ அசித்ரோமைசினையோ சேர்ப்பது குறித்து முதல் மணி நேரத்திலேயே முடிவெடுக்க வேண்டும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வில், கடுமையான உண்ணிக் காய்ச்சலுக்கு இவ்விரு மருந்துகளையும் சேர்த்துச் சிரைவழியே கொடுத்தபோது, ஒன்றை மட்டும் கொடுத்ததைவிடச் சிக்கல்கள் விரைவில் தீர்ந்தன. இறப்பு விகிதத்தில் மட்டும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகுவது செப்டிக் அதிர்ச்சிச் சிகிச்சையை நேரடியாகப் பாதிக்கிறது. வேறு மருந்துகள் பலனளிக்காதபோது பயன்படுத்தப்படும் கொலிஸ்டினை உணவுக்காக வளர்க்கப்படும் கால்நடை, கோழிகளுக்குப் பயன்படுத்துவதற்கென உற்பத்தி செய்யவும் விற்கவும் 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது. நாட்டின் முக்கியமான முட்டை உற்பத்தி மையமான நாமக்கல் பகுதிக்கு இந்த ஆணை சிறப்பாகப் பொருந்தும். மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் மாத்திரை வாங்குவதும், காய்ச்சல் விட்டவுடன் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவதும், பண்ணையில் தேவையின்றி மருந்து கலப்பதும் தீவிர சிகிச்சைப் பிரிவில் மருந்துத் தேர்வுகளைக் குறைத்துவிடுகின்றன.

செப்டிக் அதிர்ச்சி போலத் தோன்றும் பிற நிலைகள்

டெங்கு அதிர்ச்சியில் இரத்தத்தின் நீர்ப்பகுதி கசிவதால் திரவ மேலாண்மை வேறுபடும். இரத்த அடர்த்தியைத் தொடர்ந்து அளந்தே திரவத்தின் அளவு மாற்றப்பட வேண்டும். மாரடைப்பு, உட்புற இரத்தப்போக்கு, கடும் ஒவ்வாமை, பாம்புக்கடி, பூச்சிக்கொல்லி நஞ்சு ஆகியவற்றையும் விலக்கிப் பார்க்க வேண்டும். இதயத் துடிப்புப் பதிவு அனைவருக்கும் எடுக்கப்பட வேண்டும்.

மேல்சிகிச்சைக்கு அனுப்புதல்

இப்பகுதியில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மருத்துவக் கல்லூரியாக 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் உயர்சிகிச்சை மையங்களாக உள்ளன. கொல்லிமலையிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வரும் நோயாளிக்குப் பயணமே கணிசமான நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே, முதல் தவணை மருந்தும் திரவமும் கொடுக்காமல் நோயாளியை அனுப்பக் கூடாது. ஆம்புலன்ஸ் வரும் வரையிலான நேரம் இதற்குப் போதுமானது.

உடன் அனுப்பும் தாளில் பின்வருவன இடம்பெற வேண்டும்.

• அழுத்தம் முதலில் தாழ்ந்த நேரம்
• கொடுத்த மருந்தின் பெயர், அளவு, நேரம்
• இதுவரை கொடுத்த திரவமும் வெளியேறிய சிறுநீரும்
• கல்ச்சர் எடுக்கப்பட்டதா என்ற விவரம்
• ஒவ்வாமை, ஏற்கெனவே உள்ள நோய்கள்

அனுப்புமுன் பெறும் மருத்துவமனையுடன் தொலைபேசியில் பேசிப் படுக்கை வசதியை உறுதி செய்தல் நலம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில்

செயற்கைச் சுவாசம் தேவைப்படுவோருக்கு, உயரத்தைக் கொண்டு கணக்கிடப்பட்ட எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 6 மி.லி. என்ற குறைந்த அளவில் காற்று செலுத்தப்படுகிறது. இரத்தச் சர்க்கரை 180 மி.கி. அல்லது அதற்கு மேல் சென்றால் இன்சுலின் தொடங்கப்படும். ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழ் இறங்கினால் பொதுவாக இரத்தம் ஏற்றப்படும். கால்களில் இரத்தம் உறையாமல் தடுக்க ஹெப்பாரின் கொடுக்கப்படும். சிறுநீரகம் செயலிழந்து உரிய காரணங்கள் தோன்றினால் டயாலிசிஸ் செய்யப்படும். சிறுநீர்க் குழாயும் ஊசிக்குழாய்களும் இன்றும் தேவையா என்று நாள்தோறும் கேட்டு, தேவையற்றவற்றை அன்றே நீக்க வேண்டும். ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கை கழுவுதல், புதிய தொற்றைத் தடுக்கும் மிக எளிய வழியாகும்.

குடும்பத்தினரின் ஐயங்கள்

“இரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றால், இரத்தத்தை மாற்றினால் சரியாகுமா?” ஆகாது. பாதிப்பு இரத்தத்தில் மட்டும் இல்லை, உறுப்புகள் அனைத்திலும் உள்ளது.

“வென்டிலேட்டரில் வைத்தால் பிழைக்கமாட்டார் என்கிறார்களே?” வென்டிலேட்டர் நுரையீரலுக்கு ஓய்வளித்துக் காலம் பெற்றுத் தரும் கருவி. தொற்று கட்டுப்பட்டபின் பலர் அதிலிருந்து மீள்கின்றனர். ஆயினும் நோயின் கடுமை காரணமாக அனைவரையும் காப்பாற்ற இயலுவதில்லை. நோயாளியின் நிலையை மருத்துவர் நாள்தோறும் மறைக்காமல் கூறுவதும், குடும்பத்தினர் தயங்காமல் கேட்பதும் அவசியம்.

“செலவை எப்படிச் சமாளிப்பது?” அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருப்பின் உடன் கொண்டுவருக. அட்டையைத் தேடுவதற்காகப் புறப்படுவதைத் தாமதிக்க வேண்டாம்.

வீடு திரும்பிய பின்

தசைத் தளர்ச்சி, மறதி, உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவை பல வாரங்களோ மாதங்களோ நீடிக்கலாம். இது சோம்பலன்று, நோயின் எச்சம். படிப்படியான உடற்பயிற்சியும் புரதம் மிகுந்த உணவும் உதவும். மீண்டும் தொற்று ஏற்படும் வாய்ப்பு அதிகமாதலால், நிமோனியா மற்றும் இன்ஃபுளுயன்சா தடுப்பூசிகள் குறித்து மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே வீட்டிலேயே பெறலாம். நீரிழிவு உள்ளவர்கள் நாள்தோறும் இரவில் பாதங்களைப் பார்ப்பதையும், வயலுக்குக் காலணியுடன் செல்வதையும் வழக்கமாகக் கொள்ள வேண்டும்.

உடனே 108ஐ அழைக்க வேண்டிய நிலைகள்

தொற்றோ காய்ச்சலோ ஆறாத புண்ணோ உள்ள ஒருவருக்குக் கீழ்க்கண்டவற்றுள் ஒன்று தோன்றினாலும், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

• குழப்பமான பேச்சு அல்லது எழுப்ப இயலாத உறக்கம்
• வேகமான மூச்சு அல்லது மூச்சுத்திணறல்
• நாள் முழுவதும் சிறுநீர் கழியாமை
• குளிர்ந்து வெளிறிய அல்லது திட்டுத் திட்டான தோல்
• எழுந்து நின்றால் மயக்கம்

மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணைத் தொடர்புகொள்ளலாம். மருத்துவமனையை அடைந்ததும், “இவருக்குச் செப்சிஸ் இருக்குமா?” என்று கேட்கத் தயங்க வேண்டாம்.